மாட்டுக்கு ரப்பர் மேட்: போட்டுப் பார்த்தவள் சொல்வது

மாடு படுக்கக் கொட்டகைத் தரையில் விரிக்கிற ரப்பர் மேட் வாங்கலாமா என்று கேட்கிறவர்களுக்கு என் பதில்: வாங்குங்கள். ஆனால் கடைக்காரர் சொல்கிற காரணத்துக்காக வாங்காதீர்கள். அவர் பால் கூடும் என்பார். எங்கள் வீட்டில் கூடியது என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது. மாடு படுக்கிற நேரம் கூடியது, முட்டிப் புண் குறைந்தது. அதற்கே கொடுத்த காசு தகும் என்று நினைக்கிறேன். மேட்டிலும் குறை உண்டு, விற்ற கடையிலும் குறை உண்டு. எல்லாவற்றையும் சொல்கிறேன்.

நாங்கள் புதுவயல் பக்கம். கறவை நாலு, கன்று இரண்டு. கறவையில் மூன்று ஜெர்சி கலப்பு, ஒன்று நாட்டு மாடு. நாட்டு மாடு செவலை நிறம், அதனால் பேரும் செவலை. வீட்டுக்காரருக்கு ரைஸ் மில்லில் வேலை. கொட்டகை என் பொறுப்பு, மேற்பார்வை என் அத்தைக்கு. பாலில் பாதி சொசைட்டிக்குப் போகிறது, மீதி வீடுகளுக்கும் ஒரு டீக்கடைக்கும்.

செட்டிநாட்டில் இருந்துகொண்டு தரையைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. ஆத்தங்குடிக் கல்லைப் பார்க்க வெளிநாட்டிலிருந்து வருகிறார்கள். கண்ணாடி மேல் சாயம் ஊற்றி, மேலே மணலும் சிமெண்டும் போட்டு, தண்ணீரில் ஊறவைத்து எடுக்கிற கல். கால் பட்டுப் பட்டு மினுமினுப்பு ஏறும். முகப்புக்கு எந்தக் கல், வளவு என்கிற உள்முற்றத்துக்கு எந்தக் கல் என்று அவ்வளவு யோசிக்கிற ஊரில், பின்கட்டுக்குப் பின்னால் மாடு நிற்கிற இடத்துக்கு என்ன தரை என்று யாரும் பேசி நான் கேட்டதில்லை. எங்கள் வீட்டில் வளவும் இல்லை, ஆத்தங்குடிக் கல்லும் இல்லை; சாதாரண ஓட்டு வீடு. ஆனாலும் ஊர்க் குணம் விடுமா? கொட்டகைக்கும் தரை போட்டோம். சிமெண்டுத் தரை.

அதற்கு முன்னால் கிராவல் கொட்டிக் குத்திய மண் தரை. கோடையில் அதைப் போல வராது. ஐப்பசி பிறந்தால் சாணியும் கோமியமும் சாரலும் சேர்ந்து கணுக்கால் அளவுக்குச் சேறு. மடி கழுவியே கை விட்டுப்போகும். சிமெண்டு போட்டதும் அந்தத் தொல்லை ஒழிந்தது. கொத்தனாரும் வழவழப்பாகப் பூசாமல், ஈரத்திலேயே விளக்குமாற்றால் கோடு இழுத்துத்தான் விட்டார். மாடு வழுக்கவில்லை. ஆனால் படுப்பது குறைந்துபோனது.

முன்பெல்லாம் பால் பீச்சி, தீவனம் வைத்து, வைக்கோலும் தின்று முடித்தால் வெயில் ஏறுவதற்குள் எல்லாம் படுத்துவிடும். சிமெண்டு வந்த பிறகு நின்றபடியே அசைபோட ஆரம்பித்தன. பெரிய ஜெர்சியை நாங்கள் மூத்தவள் என்போம். அவளுக்குப் படுக்க ஆசை இருக்கிறது என்று பார்த்தாலே தெரியும். தலையைத் தாழ்த்தித் தரையை மோந்து பார்ப்பாள். தலையை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் ஆட்டுவாள். ஒரு முன்னங்காலை மடக்குவாள், முட்டி தரையில் படுவதற்குள் எடுத்துவிடுவாள். அரை அடி நகர்ந்து மறுபடியும் மோப்பம், மறுபடியும் கால் மடக்கல். இப்படியே வெகு நேரம் ஓடும். கடைசியில் தொப்பென்று விழுவாள். விழுந்தால் எழ மாட்டாள், அதே பக்கமாகவே கிடப்பாள். முன் முட்டி இரண்டிலும் முடி கொட்டித் தோல் தடித்துவிட்டது. இடது முட்டி எலுமிச்சம்பழம் அளவுக்கு வீங்கியது. பின்னங்கால் மூட்டில் வெளிப்பக்கம் சிராய்ப்பு.

பார்க்க வந்த டாக்டர் வீக்கத்தை அமுக்கிப் பார்த்தார். ஊசி எதுவும் போடவில்லை. “உள்ளே நீர்தாம்மா, கீறிவிட வேணாம். கீறினா சீழ் வச்சுரும். தரையைக் கவனிங்க” என்றார்.

அந்தச் சமயத்தில்தான் நாத்தனார் மகள் லீவுக்கு வந்திருந்தாள். ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரியில் படிக்கிறாள். வாய் கொஞ்சம் நீளம், ஆனால் விஷயம் தெரிந்தவள். “அத்தே, மாடு முன்னங்கால் ரெண்டையும் மடக்கி, முட்டி போட்டுத்தான் இறங்குது. கடைசி அரை அடி அப்படியே விழுது. பாரம் பூரா முட்டியில. நீங்க இந்தத் தரையில ஒரு தடவை அப்படி விழுந்து பாருங்க, தெரியும்” என்றாள். விழவெல்லாம் இல்லை, மெதுவாக முட்டி போட்டேன். அதுவே போதும் என்று ஆகிவிட்டது.

அவளிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன், ஏனென்றால் இது தெரியாமல் மேட் வாங்கிப் பயனில்லை. கறவை மாடு ஒரு நாளைக்கு 10 முதல் 14 மணி நேரம் வரை படுக்க வேண்டிய ஜீவன். ஒரே மூச்சில் படுப்பதில்லை. ஒரு மணி நேரம், ஒன்றரை மணி நேரம் என்று படுக்கும், எழும், பக்கம் மாறிப் படுக்கும். அதில் தூக்கம் என்பது நாலு மணி நேரம்தான். மற்ற நேரம் கண்ணைப் பாதி மூடி அசைபோடுவதுதான். அசைபோட மட்டும் ஒரு நாளில் ஏழெட்டு மணி நேரத்துக்கு மேல் வேண்டும், அதில் பெரும்பகுதி படுத்தபடிதான் நடக்கும். ஒரு லிட்டர் பால் சுரக்க 400, 500 லிட்டர் ரத்தம் மடி வழியாக ஓட வேண்டுமாம். படுத்திருக்கும்போது மடிக்குப் போகிற அந்த ஓட்டம் கூடும். இன்னொன்று சொன்னாள், அதுதான் என் மனதில் தைத்தது. பல மணி நேரம் தீவனமும் கொடுக்காமல் படுக்கவும் விடாமல் நிறுத்தி வைத்துவிட்டு அவிழ்த்துவிட்டால், மாடு முதலில் படுக்கத்தான் இடம் தேடும், தீவனம் அப்புறம். பசியை விட அசதி பெரிதாக இருக்கிறது அதற்கு.

இரண்டு பேருமாக, கொட்டகைப் பக்கம் போகும்போதெல்லாம் எது நிற்கிறது, எது படுத்திருக்கிறது என்று காலண்டர் பின்னால் குறித்து வைத்தோம். துல்லியக் கணக்கு இல்லைதான். இருந்தாலும் மூத்தவள் எட்டு மணி நேரத்தைத் தாண்டவில்லை என்று தெரிந்தது. செவலை மட்டும் எந்தக் கவலையும் இல்லாமல் சிமெண்டிலேயே படுத்து எழுந்துகொண்டிருந்தது. உடம்பு எடை குறைவு, கால் கச்சிதம். நாட்டு மாடு மட்டும் வைத்திருக்கிறவர்கள் இந்த மேட் செலவைக் கொஞ்சம் யோசித்துச் செய்யலாம்.

சரி, கடைக்கு வருகிறேன். காரைக்குடியில் கறவை மெஷின், புல் நறுக்கும் மெஷின், கேன் எல்லாம் விற்கிற கடை ஒன்று. பேர் எழுதவில்லை. மூன்று தினுசு காட்டினார்கள். ஒன்று கெட்டியான கறுப்பு ரப்பர், ஆறரை அடிக்கு நாலு அடி, கனம் 17 மில்லிமீட்டர், எடை ஒரு சிமெண்டு மூட்டைக்குக் கொஞ்சம் குறைவு. இரண்டாவது அதே அளவில், பார்க்க அதே மாதிரி, விலை மட்டும் நன்றாகக் குறைவு. பழைய டயர்த் தூளை அழுத்திச் செய்தது. ஓரத்தை நகத்தால் சுரண்டினால் துகள் வருகிறது, வாடையோ தாங்கவில்லை. மூன்றாவது இ.வி.ஏ. என்கிற நுரை மாதிரி மேட். கனம் அதிகம், எடை இல்லவே இல்லை, ஒரு கையால் தூக்கலாம். கால் வைத்தால் சுகமாக இருக்கிறது.

எனக்கும் அந்த மூன்றாவதுதான் முதலில் பிடித்தது. நாத்தனார் மகள் கடைக்கார தம்பியிடம் ஒரு ஸ்க்ரூடிரைவர் வாங்கி அதன் மேல் அழுத்தி எடுத்தாள். பள்ளம் அப்படியே நின்றது. “குளம்பு நுனி இதைத்தான் செய்யும். எழும்போது பின்னங்கால் குளம்பைத் தரையில ஊன்றித்தான் உந்தும்” என்றாள். கன்றுக்குப் போடலாம், நானூறு கிலோ மாட்டுக்குச் சரிவராது என்று விட்டுவிட்டோம்.

அப்புறம் நான் ஒரு காரியம் செய்தேன். ரப்பர் மேட்டைக் கடையின் தரையில் போடச் சொல்லி அதன் மேல் முட்டி போட்டுப் பார்த்தேன். வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்தவர், “என்னக்கா, ஏதும் வேண்டுதலா?” என்றார். சிரிப்பு வந்தாலும் எழவில்லை. உடம்புப் பாரத்தை முட்டி மேல் போட்டுக் கொஞ்ச நேரம் இருந்தேன். சிமெண்டு மாதிரி வெடுக்கென்று குத்தவில்லை, ஆனால் மெத்தை என்றும் சொல்ல முடியாது. மண் தரைக்கும் சிமெண்டுக்கும் நடுவில் என்று வையுங்கள். வாங்கப் போகிறவர்கள் யாராக இருந்தாலும் வெட்கப்படாமல் இதைச் செய்யுங்கள். விரலால் அமுக்கிப் பார்த்தால் ஒன்றும் தெரியாது.

அடிப்பக்கத்தையும் புரட்டிப் பாருங்கள். அடியில் குமிழ் குமிழாகவோ வாய்க்கால் மாதிரியோ இருந்தால்தான் கோமியம் தேங்காமல் ஓடும். சப்பையாக இருந்தால் வேண்டாம். மேல்பக்கம் சொரசொரப்பு வேண்டும், ஆனால் கூர்மையாக இருக்கக் கூடாது. அது தோலைத் தேய்க்கும்.

கடைக்கார தம்பி பேச்சில் கெட்டிக்காரர். “அக்கா, மாடு ஒரு மணி நேரம் கூடப் படுத்தா ஒரு லிட்டர் பால் கூடும். நாலு மாட்டுக்குக் கணக்குப் போடுங்க, ஆறு மாசத்துல காசு வந்துரும்” என்றார். எனக்கும் கணக்குப் போட ஆசைதான். ஆனால் இந்தக் கணக்கு வெளிநாட்டில், ஒரு நாளைக்கு 30, 40 லிட்டர் கறக்கிற ஹோல்ஸ்டீன் மாடுகளை வைத்துப் பேசுகிற கணக்கு. நேரம் கூடினால் பால் கூடுமா, நல்ல கவனிப்பில் இருக்கிற மாடு அதிகம் படுத்து அதிகம் கறக்கிறதா என்பதே அங்கேயும் பேச்சாக இருக்கிறதாம். நம் வீட்டு ஜெர்சி கலப்பு எட்டு, பத்து லிட்டர் கறப்பது. அதற்குத் தவிடு, புண்ணாக்கு, பசும்புல், ஈன்று எத்தனை மாசம் என்று ஆயிரம் காரணம் இருக்கிறது. ஆறு மாசத்தில் பால் குறையத்தான் செய்யும், மேட் போட்டாலும் போடாவிட்டாலும். போர்டில் “பால் பெருகும்” என்று எழுதி மாட்டி வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. முட்டி பிழைக்கும் என்று எழுதினால் யாரும் வாங்க மாட்டார்கள் போலிருக்கிறது.

ஒன்று 2,600 ரூபாய் சொன்னார், நாலாக எடுத்ததால் 2,450க்குக் கொடுத்தார். வண்டி வாடகை தனி. வண்டியில் வந்த பையன் வாசலோடு இறக்கிவிட்டுப் போய்விட்டான். நாற்பது கிலோவுக்கு மேல் இருக்கிற, பிடிக்க ஒரு காது கூட இல்லாத ரப்பரை வீட்டு வாசலிலிருந்து கொட்டகை வரை கொண்டுபோவது லேசு இல்லை. வீட்டுக்காரரும் பக்கத்து வீட்டு அண்ணனும் சுருட்டவும் முடியாமல் தூக்கவும் முடியாமல் இழுத்துக்கொண்டு போனார்கள். ஓரத்தில் ஒரு ஓட்டை இருந்தால் கம்பிக் கொக்கி மாட்டி இழுத்துவிடலாம். செய்கிறவர்களுக்கு இது தோன்றவில்லை.

போடும்போது பார்க்க வேண்டியது வாட்டம். ஆறடி நீளத்துக்கு ஒன்றரை அங்குலமாவது பின்பக்கம் சரிவு இருந்தால்தான் கோமியம் வாய்க்காலுக்கு ஓடும். எங்கள் தரையில் அது இருந்தது. ஜெர்சிக்கு ஆறரை அடி சரியாக இருந்தது, சாணி வாய்க்காலில் விழுகிறது. செவலை குட்டை, அதனால் சாணி மேட் மேலேயே விழுந்தது. அது படுக்கும்போது அதிலேயே படுத்தது. அத்தைக்கு அப்போது இதில் தினமும் ஒரு புலம்பல்.

முதல் நாள் மூன்று ஜெர்சியும் கறுப்பாக என்னமோ கிடக்கிறதென்று பின்வாங்கின. மேலே கொஞ்சம் பழைய வைக்கோலைத் தூவினேன். மறுநாள் சாயங்காலமே மூத்தவள் மோந்து பார்த்தாள், ஒரு காலை மடக்கினாள், எடுக்கவில்லை, அடுத்த காலையும் மடக்கி இறங்கிவிட்டாள். அந்த வெகு நேர மோப்பமெல்லாம் போனது. செவலைதான் அடம்பிடித்தது. முன்னங்கால் மேட்டில் இருந்தால் பின்னங்கால் சிமெண்டில் இருக்கும், ஓரமாகப் போய்ச் சிமெண்டிலேயே படுக்கும். மார்கழி வந்து சிமெண்டு சில்லிட்டதும் தானாக மேட்டுக்கு வந்தது. யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

இப்போது மூத்தவள் முட்டியில் முடி திரும்ப வந்திருக்கிறது. வீக்கம் பாதிக்கு மேல் வற்றிவிட்டது, முழுசாகப் போகவில்லை. பக்கம் மாறி மாறிப் படுக்கிறாள், இதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். தரை வலித்தால் எழுந்து மாறிப் படுக்க யோசிக்கும். யோசித்து யோசித்து ஒரே பக்கம் கிடக்கும்.

ஆனால் இதில் மேட்டுக்கு எவ்வளவு பங்கு, கயிற்றுக்கு எவ்வளவு பங்கு என்று எனக்குச் சந்தேகம் உண்டு. மேட் போட்ட பிறகும் இரண்டாவது ஜெர்சி எழுவதற்குப் படாத பாடு பட்டது. மாடு பின்பக்கத்தைத்தான் முதலில் தூக்கும். அதற்குத் தலையை முன்னால் நீட்டி, ஒரு உந்து உந்த வேண்டும். குதிரை அப்படி இல்லை, முன்னங்காலை ஊன்றி முதலில் முன்பக்கம் எழும். இந்த ஜெர்சி குதிரை மாதிரி முன்னங்காலை நீட்டி நாய் உட்கார்கிற தினுசில் உட்கார்ந்து, அப்புறம் பின்பக்கத்தை இழுத்து எழுந்தது. படத்தை எடுத்து ஒரத்தநாட்டுக்கு அனுப்பினேன். பதில் உடனே வந்தது: “தலை நீட்ட இடம் இல்லை அத்தே. காடியைப் பாருங்க.”

காடி, அதாவது தீவனத் தொட்டி, அதன் சுவர் மாட்டின் நெஞ்சு உயரம்; மாட்டைக் கட்டுகிற தும்புக் கயிறு இரண்டு சாண் நீளம். தலையை நீட்டினால் சுவரில் இடிக்கும், கயிறு இழுக்கும். முன்னால் இரண்டரை, மூன்று அடியாவது காலியாக இருக்க வேண்டுமாம். கொத்தனாரைக் கூப்பிட்டுச் சுவரை மாடு தலை தாழ்த்தி நீட்டுகிற அளவுக்கு இறக்கினோம். தும்பை நீட்டிக் கட்டினோம். சுவருக்கு ஒரு நாள் கூலி, கயிற்றுக்கு அதுவும் இல்லை. அன்றிலிருந்து அது ஒழுங்காகப் பின்பக்கம் முதலில் எழுகிறது. நாலு மேட்டையும் இந்தக் கயிற்றையும் எதிரெதிரே வைத்து எது அதிகம் உதவியது என்றால், அந்த ஜெர்சி விஷயத்தில் கயிறு என்றுதான் சொல்வேன். கடையில் யாரும் கயிறு நீளம் எவ்வளவு என்று கேட்கவில்லை. கேட்டால் மேட் விற்காது போல.

ஒரு மாட்டுக்கு எவ்வளவு இடம் என்பதும் இதோடு சேர்ந்தது. இந்தியத் தர நிர்ணய அளவுப்படி ஒரு பசுவுக்குக் கூரையடியில் மூன்றரை சதுர மீட்டர், திறந்த வெளியில் ஏழு சதுர மீட்டர். மூன்றரை என்றால் 37, 38 சதுர அடி. மேட் 26 சதுர அடிதான் வரும். அதனால் நெருக்கிக் கட்டிய கொட்டகையில் மேட்டைச் சுவரோடு சுவராகப் போட்டு நிரப்பினாலும் மாடு நிம்மதியாகப் படுக்காது. பக்கத்து மாடு கால் மிதிக்கும் என்ற பயத்திலேயே நிற்கும்.

இனி மேட்டின் குறை. பெரிய குறை அடி ஈரம். எத்தனை குமிழ் இருந்தாலும் கோமியம் அடியில் கொஞ்சம் தங்கும். தூக்கிக் கழுவாமல் விட்டால் கண் எரிகிற நெடி, ஓரத்தில் புழு. வாரம் ஒரு தடவையாவது ஒரு பக்கத்தைத் தூக்கிச் செங்கல் முட்டுக் கொடுத்துப் பீய்ச்சி அடிக்க வேண்டும். ஒரு ஆளால் ஆகாது. தனியாக மாடு வைத்திருக்கிற பெண்கள், வயசானவர்கள் இதை யோசித்துக்கொண்டு வாங்குங்கள்.

மேலே ஈரம் நின்றால் போட்டதே வீண். கனடாவில் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தார் 2007-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்றை நாத்தனார் மகள் காட்டினாள். ஒரே மாடுகள், ஒரே மரத்தூள் படுக்கை. காய்ந்திருந்தபோது நாளைக்கு 13.8 மணி நேரம் படுத்தன, நனைத்துப் போட்டபோது 8.8 மணி நேரம்தான் படுத்தன. ஐந்து மணி நேரம் வெறும் ஈரத்தால் போகிறது. எனவே காலையும் மாலையும் கழுவியதும் மேட்டைத் தள்ளுகட்டையால் வழித்துவிட்டு, காடியில் மிஞ்சிய வைக்கோலை வெயிலில் உலர்த்தி மேலே தூவுகிறேன். அடிக்கடி கொஞ்சம் சுண்ணாம்புத் தூள், சிட்டிகை அளவுதான். அதிகமானால் காம்பு வெடிக்கும்.

எங்கள் ஊரில் உமிக்குப் பஞ்சமே இல்லை, அதைக் கொட்டினால் என்ன என்று கேட்பார்கள். மில் வேலைக்காரர் வீடு, நானும் கொட்டிப் பார்த்தவள்தான். உமி மெத்தென்று இருக்கும், கோமியத்தை உறிஞ்சாது. அடியில் குளமாக நிற்கும், மேலே உமி காம்பிலும் மடியிலும் ஒட்டிக்கொண்டு குத்தும். தேங்காய் நார்க்கழிவு எதிர்க் குணம். தன் எடையைப் போலப் பல மடங்கு தண்ணீர் குடிக்கும், மாற்றாமல் விட்டால் ஊறிய சாக்கு மாதிரி ஆகிவிடும். மாட்டுக்கு மிகவும் பிடித்த படுக்கை மணல். கிருமி அவ்வளவாக வளராது, உடம்பு வாகுக்கு இளகிக் கொடுக்கும். ஆனால் ஆற்று மணல் விற்கிற விலையில் மாட்டுக்குப் போட்டால் அத்தை என்னையும் கொட்டகையிலேயே படுக்கச் சொல்லிவிடுவார். எம்-சாண்ட் கல் உடைத்தது, முனை கூர்மை, தோலைச் சிராய்க்கும்.

பால் பீச்சியதும் மாட்டைப் படுக்க விடக்கூடாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். காம்புத் துவாரம் மூட அரை மணி நேரத்திலிருந்து ஒரு மணி நேரம் ஆகும். அதற்குள் படுத்தால் தரையில் இருக்கிற அழுக்கு உள்ளே ஏறி மடிநோய் வரும். மேட் வந்த பிறகு சுகம் கண்டு பீச்சிய கையோடு படுக்கப் பார்த்தன. இப்போது பால் பீச்சி முடித்த பிறகுதான் பசும்புல் போடுகிறேன். தின்கிற நேரம் நின்றுவிடும்.

அடுத்த குறை கோடை. கறுப்பு ரப்பர், மேற்கு வெயில் சாய்ந்து விழுகிற கொட்டகை. சித்திரை மத்தியானம் மூன்று மணிக்கு மேட்டில் வெறுங்காலை வைத்தேன், எடுத்துவிட்டேன். நிழலில் கிடந்தாலும் மாட்டின் உடம்புச் சூட்டை ரப்பர் வெளியே விடாது. வெக்கை வந்தால் மாடு நிற்கத்தான் பார்க்கும், நின்றால் உடம்பில் காற்றுப் படும். வெப்பத்தையும் காற்றின் ஈரத்தையும் சேர்த்துப் போடுகிற குறியீடு 72-ஐத் தாண்டினால் கறவை மாட்டுக்குச் சிரமம் தொடங்கும் என்பது கணக்கு. நம் ஊரில் பங்குனியிலிருந்து ஆவணி வரை அது 72-க்குக் கீழே இறங்குகிற பகல் உண்டா என்ன? அமெரிக்காவில் குளிர் மிகுந்த விஸ்கான்சினிலேயே சூடு ஏறிய நேரத்தில் மாடுகள் படுப்பது நாளைக்கு 10.9 மணியிலிருந்து 7.9 மணிக்குக் குறைந்ததாக அளந்திருக்கிறார்கள். மேற்கே தென்னங்கீற்றுத் தட்டி கட்டித் தண்ணீர் தெளித்தேன், கொஞ்சம் தேவலை. அவிழ்த்து வேப்பமரத்தடியில் கட்டினால் அதைவிடத் தேவலை. பத்தாயிரம் ரூபாய் மேட் கொட்டகையில் சும்மா கிடக்க, நாலும் மரத்தடிப் புழுதியில் படுத்து அசைபோடும். எனக்குக் கோபம் வருவதில்லை. கோடையில் மேட்டுக்கும் லீவு என்று விட்டுவிட்டேன்.

கடை சமாச்சாரம் பாக்கி இருக்கிறது. வாங்கும்போது ஐந்து வருஷம் கியாரண்டி என்று வாயால் சொன்னார்கள். பில்லில் தயாரிப்புக் குறை இருந்தால் மட்டும் என்று போட்டிருந்தது. நாலில் ஒன்று சில மாதங்களில் ஓரம் சுருண்டு மேலே தூக்கிக்கொண்டது. மாடு அதில் குளம்பு தடுக்குகிறது. படம் அனுப்பினேன். மாடு இழுத்ததால் சுருண்டது, அது தயாரிப்புக் குறையில் வராது என்றார்கள். மற்ற மூன்றையும் மாடு இழுக்கவில்லையா என்று கேட்டேன். கம்பெனிக்கு அனுப்பிக் கேட்கிறேன் என்று சொன்னதோடு சரி, அப்புறம் போனை எடுப்பதே இல்லை. ஆணி அடித்து அமுக்கலாம் என்று பக்கத்து வீட்டு அண்ணன் சொன்னார். மாடு நிற்கிற இடத்தில் ஆணியா, வேண்டவே வேண்டாம் என்றுவிட்டேன். கழன்று தீவனத்தில் சேர்ந்து வயிற்றுக்குள் போனால் மாடே போய்விடும்.

சுருண்ட பக்கத்தை ஒரு அடி அளவுக்கு அறுத்து எடுத்துவிட்டு, மீதியைக் கன்றுகளுக்குப் போட்டிருக்கிறேன். கன்றுக்குப் படுக்கைதான் வேலையே, ஒரு நாளில் 16, 18 மணி நேரம் படுத்தே கிடக்கும். செவலைக்கு இப்போது மேட் இல்லை, பழையபடி சிமெண்டு. அது கேட்கவும் இல்லை.

மேட்டுக்கு ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன், சிமெண்டுத் தரையும் கனத்த கலப்பு மாடும் உள்ளவர்களுக்கு நாலு. கடைக்கு ஒன்றரை, அதிலும் அந்த அரை, முட்டி போட விட்டதற்கு. வாங்கப் போகிறவர்கள் டேப் எடுத்துக்கொண்டு போங்கள், நாலு அடி என்று கொடுத்ததில் இரண்டு மேட் மூன்றே முக்கால்தான் இருந்தன. கியாரண்டியைப் பில்லிலேயே எழுதச் சொல்லுங்கள், ஓரம் சுருண்டாலும் மாற்றித் தரப்படும் என்று ஒரு வரி சேர்த்து.